தருமரின் தேர் ஏன் தரையில் இறங்கியது?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறி இன்றைய சிந்தனையைத் தொடங்குகிறேன். நமது சத்சங்கத்திற்குத் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர், நீரிழிவு நோய்க்காகப் பல ஆண்டுகளாக மருந்து உட்கொண்டு வருபவர். சில வாரங்களாக அவரைக் காணவில்லை. விசாரித்தபோது மருத்துவமனையில் இருப்பதாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். ஏதோ ஓர் இலையின் கஷாயத்தை நாற்பது நாள் அருந்தினால் நோய் அடியோடு நீங்கிவிடும் என்று கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி, மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறார். செய்தியின் மேலே மகான் ஒருவரின் படம் இருந்ததாம்.

“படித்தவர் நீங்கள், மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“வேறு எங்கிருந்தாவது வந்திருந்தால் கேட்டிருப்பேன், சுவாமிஜி. நம் சத்சங்கக் குழுவில் வந்ததாயிற்றே! அதுவும் அனுப்பியவர் யார்? வாழ்நாளில் பொய்யே சொல்லாத மனிதர்!” என்றார்.

அனுப்பியவரையும் நான் அறிவேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். செய்தி கேட்டு மிகவும் கலங்கிப்போனார். ஆயினும் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி இருந்தது. “சுவாமிஜி, நான் பொய் சொல்லவில்லையே! எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன். நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினேன். இது என் பாவமாகுமா?” என்று கேட்டார்.

இறையருளால் அந்தப் பெரியவர் நலமடைந்து திரும்பினார். ஆனால் தலைமையாசிரியரின் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அதற்கான விடையை நாம் மகாபாரதத்தில் தேடுவோம்.

துரோணர் கேட்ட சாட்சி

குருக்ஷேத்திரப் போரின் பதினைந்தாம் நாள். துரோணரை எதிர்த்து நிற்க முடியாமல் பாண்டவர் சேனை சிதறுகிறது. மகன் மாண்டான் என்று கேட்டாலன்றி அவர் ஆயுதத்தைக் கீழே வைக்கமாட்டார் என்பது தெரிகிறது. தம் சேனையிலேயே இருந்த, அசுவத்தாமா என்னும் பெயருடைய ஒரு யானையைப் பீமன் கொல்கிறான். பிறகு துரோணரின் அருகே சென்று, அசுவத்தாமா கொல்லப்பட்டான் என்று உரக்கக் கூவுகிறான்.

துரோணர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் உடனே நம்பிவிடவில்லை. கேட்டவுடன் உடல் தளர்ந்தது உண்மைதான். ஆனால் மகனின் வலிமையை எண்ணிப் பார்த்தார். சொல்பவன் எதிரணியைச் சேர்ந்தவன் என்பதையும் அறிவார். ஆகவே தொடர்ந்து போரிட்டார். பின்னர், மூவுலகமே கிடைப்பதானாலும் பொய் சொல்லமாட்டார் என்று தாம் உறுதியாக நம்பிய ஒருவரிடம் சென்று கேட்டார். அவர்தான் தருமபுத்திரர்.

செய்தியைச் சோதிக்கும் முறைப்படி பார்த்தால் துரோணர் செய்ததில் குறை காண முடியாது. பரபரப்பான செய்தி வந்தது, சந்தேகித்தார். நம்பத்தகுந்த சாட்சியைத் தேடிச் சென்றார். அப்படியிருந்தும் ஏமாந்தார். ஏனெனில் அந்தச் சாட்சியே அன்று வழுவிவிட்டது. தருமர் அசுவத்தாமா இறந்ததை உரத்த குரலில் கூறி, யானை என்னும் சொல்லைத் தெளிவில்லாமல் மெல்ல முணுமுணுத்தார்.

அதுவரை தருமரின் தேர் பூமியில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் நின்றதாம். அந்த ஒரு வாக்கியத்திற்குப் பின் அது தரையில் இறங்கிவிட்டது. காவியத்தின் இறுதியில் அவர் சிறிது நேரம் நரகத்தைக் காண நேர்ந்ததற்கும் இதுவே காரணம் என்று இந்திரன் கூறுவதாக வியாசர் காட்டுகிறார்.

தருமர் அந்தப் பொய்யைப் புனையவில்லை. அது வேறொருவர் வகுத்த திட்டம். முதலில் கூவியவன் பீமன். தருமர் செய்ததெல்லாம், ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்த ஒரு செய்தியைத் தம் வாயால் கடத்தியதுதான். ஆனால் பீமன் சொன்னபோது நம்பாத துரோணர், தருமர் சொன்னபோது நம்பினார். செய்திக்கு உயிர் கொடுத்தது தருமரின் நல்ல பெயர்.

தருமர் தாம் சொல்வது முழு உண்மையல்ல என்று அறிந்தே சொன்னார். நம் தலைமையாசிரியரோ அறியாமல் அனுப்பினார். இந்த வேறுபாட்டை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பவருக்கு நேரும் துன்பம் இரண்டிலும் ஒன்றே. அறிந்துகொள்ள வழி இருந்தும் அறிய முயலாமல் சொல்வதும் சத்தியத்தில் ஏற்படும் வழுவே. மற்றவர் அனுப்பியதை நாம் அனுப்பும்போது அதன்மேல் நம் பெயர் முத்திரையாக விழுகிறது. அந்தக் கணத்திலிருந்து அது நம் சொல்.

ஆப்தர் என்பவர் யார்?

நமது தத்துவ மரபு, அறிவு எவ்வாறு பிறக்கிறது என்பதை மிக நுட்பமாக ஆராய்ந்துள்ளது. கண்ணால் காண்பது பிரத்தியட்சம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது அனுமானம். நம்பத்தகுந்தவரின் சொல்லால் அறிவது சப்தப் பிரமாணம். நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி இந்த மூன்றாவது வழியாக வந்ததே. நாம் பிறந்த நாளைக்கூடப் பெற்றோர் சொல்லித்தான் அறிகிறோம். ஆகவே பிறர் சொல்லை நம்புவது பலவீனமன்று. அதில்லாமல் வாழ்க்கையே இல்லை.

ஆனால் எவருடைய சொல் பிரமாணமாகும்? ஆப்தருடைய சொல் மட்டுமே என்கிறது நியாய சாஸ்திரம். ஆப்தருக்கு அது கூறும் இலக்கணத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: சொல்லும் பொருளை அவர் நேராக அறிந்திருக்க வேண்டும், அறிந்தவாறே பிறருக்கு உரைக்கும் விருப்பம் உடையவராக இருக்க வேண்டும். ஒருவர் நல்லவராக இருப்பது மட்டும் போதாது. மருத்துவம் அறியாத நல்லவர், மருத்துவ விஷயத்தில் ஆப்தர் ஆகார்.

இந்த இலக்கணத்தை நமது கைப்பேசிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு செய்தி வருகிறது. இதை நேரில் அறிந்தவர் யார்? அனுப்பியவர் அறியார், அவருக்கு அனுப்பியவரும் அறியார். மூல மனிதர் எங்கோ மறைந்திருக்கிறார். அவருக்கு உண்மையைச் சொல்லும் விருப்பம் இருந்ததா, அல்லது நம்மைச் சினம் கொள்ளச் செய்வதோ, பயமுறுத்துவதோ, பணம் பறிப்பதோ அவர் நோக்கமா? தெரியாது. ஆனால் செய்தி நம்மிடம் வரும்போது நண்பரின் பெயரோடு வருகிறது. அதனால் உள்ளே நுழைந்துவிடுகிறது.

மறைக்கப்பட்ட மறுபாதி

இதெல்லாம் சிறிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2018-ஆம் ஆண்டு நம் தேசத்தில் நடந்தவற்றை நினைவுகூர்வோம். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியாகப் பல மாநிலங்களில் பரவியது. அத்துடன் ஒரு வீடியோவும் சுற்றியது. தெருவில் விளையாடும் சிறுவனை மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தூக்கிச் செல்லும் காட்சி அதில் இருந்தது. பார்த்த தாய்மார் நடுங்கினர்.

உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புப் பற்றிப் பெற்றோரை எச்சரிப்பதற்காக நடித்து எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலப் படத்தின் முடிவில் அந்த இருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு வாசகத்தையும் விரித்துக் காட்டுகிறார்கள். அந்த முடிவை யாரோ வெட்டி எறிந்துவிட்டனர். தருமர் முணுமுணுத்த ‘யானை’ என்னும் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். முதற்பாதி உரக்க ஒலித்தது. மறுபாதி காதில் விழவில்லை.

விளைவு என்ன? அவ்வாண்டு மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற ஒரு குடும்பம், போளூர் அருகே வழி கேட்டு நின்றது. அக்குடும்பத்தின் 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதைக் கண்டு பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்த கும்பல் அவரை அடித்துக் கொன்றது. ஜூலை 1 அன்று, மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்னும் சிற்றூரில், சோலாப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த நாடோடிக் கோசாவி சமூகத்தினர் ஐவர் அதே சந்தேகத்தால் கொல்லப்பட்டனர். பிட்சை ஏற்று வாழும் மரபினர் அவர்கள். 2020 ஏப்ரல் 16 இரவு, அதே மாநிலத்தின் பால்கர் மாவட்டத்தில், கள்வர் நடமாட்டம் பற்றிய வதந்திகள் உலவிய வேளையில், சாதுக்கள் இருவரும் அவர்களது வாகன ஓட்டுநரும் கும்பலால் கொல்லப்பட்டனர். மறைந்த பெரியவர் ஒருவரின் இறுதிச் சடங்கிற்காக அவர்கள் சென்றுகொண்டிருந்தார்கள்.

கோயில் தேடி வந்த தாய், பிட்சை கேட்டு வந்தவர்கள், காவி உடுத்திய துறவிகள். அதிதியை இறைவனாகப் போற்றுவது நம் நாட்டின் மரபு. அந்த நாட்டில், வாசலில் வந்து நின்றவர்கள் இவ்வாறு மாண்டார்கள். அடித்தவர்கள் குற்றவாளிகள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கைகளில் கோலைக் கொடுத்த செய்தி எத்தனை நல்ல மனிதர்களின் கைப்பேசி வழியாக வந்திருக்கும்? ‘எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று எண்ணி எத்தனை தாய்மார் அதை அனுப்பியிருப்பார்கள்? அந்தி வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பென்று கண்டு அலறுவதை வேதாந்தம் உதாரணமாகக் கூறும். இங்கே ஒருவர் அலறினார். ஊரே கோலுடன் ஓடிவந்தது. விளக்கை எடுத்துவர எவருக்கும் தோன்றவில்லை.

இனிக்கும் பொய்கள்

அச்சமூட்டும் செய்தியை மட்டும் சோதித்தால் போதும் என்று நினைக்கலாம். நம் போன்ற ஆன்மிக அன்பர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் வேறு வகை. அது நம் பெருமையைப் பேசிக்கொண்டு வரும்.

நமது தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்னும் செய்தி பல ஆண்டுகளாக வலம் வருகிறது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவித்ததில்லை. தீபாவளி இரவில் விண்ணிலிருந்து எடுத்த இந்தியா என்று வண்ணமயமான ஒரு படம் ஆண்டுதோறும் வரும். பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் தரவுகளை அடுக்கி, மின்விளக்குகளும் மக்கள்தொகையும் பெருகியதைக் காட்ட அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் ஆக்கிய படம் அது. நாசாவே 2012-இல் இதை விளக்கியது. 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நம் பண்பாட்டைப் புகழ்ந்து, அதை முறிக்க வேண்டும் என்று பேசியதாக ஒரு வாசகம் உலவுகிறது. அன்று அவர் இந்தியாவில் இருந்தார். அந்தத் தேதியில் அவர் எழுதிய கல்விக் குறிப்பு கிடைக்கிறது. அதில் அந்த வாசகம் இல்லை.

“இதனால் யாருக்கு என்ன தீங்கு? தேசபக்திதானே வளர்கிறது!” என்று சிலர் கேட்கின்றனர். தீங்கு இரண்டு. முதலாவது, நம் இளைஞர்கள் ஒருநாள் இவை பொய் என்று கண்டுகொள்வார்கள். அன்று நாம் சொன்ன மெய்களையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். இரண்டாவது, விருப்பமானதைச் சோதிக்காமல் விழுங்கப் பழகிய மனம், மற்றொரு சமூகத்தாரைப் பற்றிய வெறுப்பையும் அவ்வாறே விழுங்கும். மெய்யாகவே பெருமை உடைய மரபுக்குப் பொய்யின் முட்டுக்கொடுப்புத் தேவையில்லை.

சந்தேகிப்பது அவமரியாதையா?

“பெரியவர்கள் அனுப்புவதைச் சந்தேகிக்கலாமா?” என்று சிலர் தயங்குவார்கள். தட்சிணேசுவரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். குருதேவருக்குக் காசு பட்டால் உடல் துன்புறும் என்று கேள்விப்பட்ட இளைஞர் நரேந்திரர், அவரறியாமல் படுக்கையின் கீழ் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். ஸ்ரீராமகிருஷ்ணர் படுக்கையைத் தொட்டதும் வேதனையுடன் எழுந்துவிட்டார். பிறகு விஷயம் தெரிந்தபோது சீடரைக் கடிந்துகொள்ளவில்லை. நாணயம் மாற்றுபவன் காசைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தம்மையும் சோதிக்கச் சொன்னவர் அவர். சோதித்தறிந்த அந்த நம்பிக்கைதான் பின்னர் சுவாமி விவேகானந்தரை உலகம் முழுதும் நடக்க வைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எதையுமே நம்பாமல், எல்லாம் பொய் என்று சிரித்துவிட்டுப் போவது விவேகமன்று. ஐயத்திலேயே தங்கிவிட்டவனுக்கு இவ்வுலகிலும் சுகமில்லை என்பது பகவான் கீதையில் தரும் எச்சரிக்கை. நரேந்திரர் சந்தேகத்தில் குடியிருக்கவில்லை; அதன் வழியே உறுதிக்குச் சென்றார்.

கைப்பேசியில் ஒரு தவம்

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் வாக்கினால் செய்யும் தவத்தைக் கூறுகிறார். பிறர் மனத்தைக் கலக்காதது, உண்மையானது, இனியது, நன்மை பயப்பது ஆகிய நான்கும் கூடிய பேச்சே தவம். இன்று நம் பேச்சில் பாதி விரல் நுனியில் நடக்கிறது. ஆகவே இந்தத் தவமும் விரல் நுனிக்கு வரவேண்டும்.

முதற்படி, நிறுத்துதல். ஒரு செய்தியைக் கண்டவுடன் சினமோ அச்சமோ பெருமிதமோ பொங்கினால், அதுவே எச்சரிக்கை மணி. இறைநாமத்தைச் சில முறை உச்சரியுங்கள். மனம் அடங்கியபின் மீண்டும் படியுங்கள்.

இரண்டாம் படி, விசாரம். நேரில் அறிந்தவர் யார், சொல்வதன் நோக்கம் என்ன, மறுபாதி எங்கே என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செய்தியில் தேதியும் இடமும் உள்ளனவா? பொறுப்புள்ள நாளிதழ்கள் இரண்டிலாவது வந்துள்ளதா? பழைய படத்தைப் புதியதென்று காட்டுகிறார்களா? படத்தைக் கொண்டே அதன் மூலத்தைத் தேடும் வசதி இன்று கைப்பேசியிலேயே உள்ளது; வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கற்றுத்தருவார்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், பலர் கை மாறி வந்த செய்தி என்று பொருள். மத்திய அரசைப் பற்றிய செய்தியானால், பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019-இல் தொடங்கிய உண்மை சரிபார்ப்புப் பிரிவைப் பார்க்கலாம். மருந்து பற்றியதானால் மருத்துவரே ஆப்தர்.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒருவரின் முகத்தையும் குரலையும் அப்படியே போலியாக ஆக்க முடிகிறது. துறவியர், தலைவர்கள் பேசுவதுபோலவும், நம் பிள்ளையே அழுது பணம் கேட்பதுபோலவும் வரலாம். கண்ணும் காதும் தரும் சாட்சியையும் சோதிக்க வேண்டிய காலம் இது. பணம் கேட்கும் குரல் வந்தால், துண்டித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த பழைய எண்ணில் நீங்களே அழையுங்கள். காவல் துறையினர் என்று கூறி வீடியோ அழைப்பில் ‘டிஜிட்டல் கைது’ செய்வதாக மிரட்டினால் அஞ்சாதீர்கள். நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. 1930 என்னும் எண்ணில் புகார் செய்யுங்கள்.

மூன்றாம் படி, மௌனம். சோதிக்க நேரமில்லையா? அனுப்பாதீர்கள். அனுப்பாமல் இருப்பதால் தர்மம் குறைவதில்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பொய் மெய்யைவிட வேகமாகவும் தூரமாகவும் சென்றது. அதற்குக் காரணம் இயந்திரக் கணக்குகளைவிட மனிதர்களே என்று கண்டனர். மனிதர்கள்தாம் பரப்பினார்கள் என்றால், மனிதர்களால் நிறுத்தவும் முடியும்.

நான்காம் படி, பிராயச்சித்தம். தவறான செய்தியை அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், சத்தமின்றி அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அதே குழுவில், அதே உரத்த குரலில், ‘நான் அனுப்பியது தவறு, நம்பாதீர்கள்’ என்று எழுதுங்கள்.

இதைக் குழந்தைகளுக்கும் கற்பிக்கலாம். 2017-இல் கேரளத்தில், தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவி, பெற்றோர் பலர் தயங்கினர். இத்தகைய அனுபவங்களைக் கண்ட கண்ணூர் மாவட்ட ஆட்சியர், 2018-இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பொய்ச் செய்தியை இனங்காணும் பாடத்தை நடத்தச் செய்தார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சத்யமேவ ஜயதே’. உபநிடதம் தந்து, தேசம் தன் இலச்சினையில் பொறித்துக்கொண்ட அந்தச் சொல், பள்ளிக் குழந்தையின் கைப்பேசிப் பாடத்துக்குப் பெயராயிற்று. நமது பாலவிகாஸ் வகுப்புகளிலும், சத்சங்கங்களிலும் மாதம் ஒருமுறை இதற்கு அரைமணி ஒதுக்கினால் என்ன? இளையோர் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தரட்டும். முதியோர் பொறுமையைச் சொல்லித்தரட்டும்.

தலைமையாசிரியரிடம் திரும்புவோம். அவர் அன்று மாலையே சத்சங்கக் குழுவில் எழுதினார். தாம் அனுப்பிய கஷாயச் செய்தியை எவரிடமும் கேட்டறியாமல் அனுப்பியதையும், அதனால் ஓர் அன்பர் துன்புற்றதையும் மறைக்காமல் கூறி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். தம் வயதுக்கு அது எளிதாக இருந்திராது. அடுத்த நாள் மூன்று பேர், தாங்களும் மருந்தை நிறுத்த இருந்ததாக அவரிடம் தெரிவித்தனர்.

அன்பர்களே, நம் ஒவ்வொருவரையும் யாரோ சிலர் தருமபுத்திரராக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேரக்குழந்தை, வீட்டு வேலைக்கு வரும் பெண், சத்சங்கத்தில் பக்கத்தில் அமர்பவர் என்று அவர்கள் பலர். பீமன் கூவினால் நம்பாதவர்கள், நாம் சொன்னால் நம்புவார்கள். ஆண்டாண்டுக் கால நேர்மையால் நாம் ஈட்டிய அந்த நான்கு விரற்கடை உயரத்தை ஒரு விரல் அசைவில் இழந்துவிடலாகாது. நம் வாக்கிலும், நாம் அனுப்பும் ஒவ்வொரு சொல்லிலும் சத்தியம் நிலைபெற இறைவன் அருள் புரிவானாக!